சதுப்பில் இருந்த உள்ளான்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே, லுணுகலை பஸ்ஸுக்கு நடக்கும் வழியில், ஒரு சதுப்பு இருக்கிறது. நேற்று அங்கே கோரைக்குள் பதுங்கியிருந்த ஓர் உள்ளானைப் படம் பிடித்தேன். நீண்ட அலகு, காய்ந்த புல்லின் நிறம். பனிக்காலத்துக்கு வடக்கே எங்கிருந்தோ வந்து, யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டுப் போகும் பறவை.

பெருமை தாங்காமல், இடத்தின் பெயரையும் சேர்த்து இங்கே, என் பக்கத்தில் போட்டேன்.

இன்று மாலை வேலை விட்டு வந்தால், சதுப்பு முழுக்கச் சப்பாத்துத் தடம். ஓரத்தில் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா போட்டிருந்த கங்குன் கீரையும் மிதிபட்டுக் கிடந்தது. கொழுந்து பறித்துவிட்டு வந்து அவர் வளர்த்த கீரை.

"யாரோ போன்ல போட்டுட்டாங்களாம் தங்கச்சி. படம் எடுக்க ஒரே கூட்டம். கல்லெறிஞ்சு குருவியைக் கெளப்பி விட்டுட்டாங்க. யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். மிஞ்சிய கீரையில் ஒரு பிடி ஒடித்து, "அம்மாக்கிட்ட குடு, வதக்கட்டும்" என்று என் கையில் வைத்தார்.

உள்ளானைக் காணவில்லை. படத்தை அழித்துவிட்டேன். கீரை அடுப்பங்கரையில் அப்படியே இருக்கிறது. காலையில் அவரிடம் போய் நான்தான் என்று சொல்லப்போகிறேன்.

நேற்று அந்தப் படத்துக்கு இதயம் போட்டவர்களே, பேச்சை எப்படித் தொடங்குவது என்றும் கொஞ்சம் சொல்லுங்கள்.