சிவப்புப் பேனாவின் சைபர்

பார்சல் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் எல்லோரும் அவளைப் பூதக்கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பார்சல் எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று முடிவுசெய்யும் புரோகிராமைப் பதினாறு வருஷமாக சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் காத்து வந்தவள். சி லேசில் மசியாது. எழுதியதை ஓடும்படி மாற்றித் தரும் அதன் கம்பைலர் முழுசையும் முதலில் வாசித்துப் பார்க்கும். ஒரு பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் ஓடவே விடாமல், மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிடும். அவளும் நாளாவட்டத்தில் அப்படியே ஆகிப்போனாள்.

அடுத்த மேசைக்காரனுக்கு ஸ்கிரிப்ட் மொழிதான் உசிர். நாலு வரி எழுதித் தட்டினால் ஓடும். தப்பான வரிக்கு வந்த பிறகுதான் தடுக்கி விழும். சி, சாவி இருக்கிறதா என்று வாசலிலேயே பையைத் தடவுகிற ஆள். ஸ்கிரிப்ட், பாதி வழி போய்த் தடவுகிற ஆள். சின்ன வேலைக்கு உன்னுடையது, நின்று நிலைக்க வேண்டியதற்கு என்னுடையது என்பாள் அவள். அவனும் தலையாட்டுவான்.

எட்டு வருஷமாக ஒரே டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள். அதனால்தான் அவன் ஒரு கத்தைத் தாளை நீட்டியபோது அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"சும்மா ஒரு குட்டி ஸ்கிரிப்டுதான்க்கா, ஒரு பார்வை பாருங்க. எனக்கு எதுக்குத் தனியா கம்பைலர், அதான் நீங்க இருக்கீங்களே."

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்று மாதம் சிவப்புப் பேனாவால் பிழை பிழையாக வட்டம் போட்டுக் கொடுத்தாள். எந்த ஊர்ப் பார்சல் ஏன் சுற்றிப் போகிறது என்பதுவரை, கேட்டதையெல்லாம் சொன்னாள்.

பிறகு ஒரு கூட்டம். மேனேஜர் திரையில் ஓர் அட்டவணை காட்டினார். அவளுடைய சி பதினெட்டாயிரம் வரி, அதே வேலையைச் செய்யும் அவன் ஸ்கிரிப்ட் தொள்ளாயிரம். மூன்று மாதத்தில் வந்த பிழைகள்: அவளுடையதில் கம்பைலர் தடுத்து நிறுத்தியதையெல்லாம் எண்ணி நாற்பத்தொன்று, அவனுடையதில் சைபர். அந்தச் சைபர் முழுக்க அவளுடைய சிவப்பு மை. அக்கா பார்த்துக் கொடுத்தாங்க என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்திருந்தாள். அந்தப் பாவி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

பழைய புரோகிராமை நிறுத்திவிட்டார்கள். அவளைக் கீழ்த்தளத்தில் புகார் போன் எடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள்.

இரண்டே வாரத்தில் அவன் கீழே இறங்கி வந்தான். கையில் அதே கத்தை.

"புதுசா மாத்தி எழுதினதை நாளைக்கு ஓட விடணும்கா. ஒரு பார்வை மட்டும்..."

அவள் கண் பழக்கத்தில் தாள்மேல் ஓடியது. மூன்றாம் பக்கத்தில் ஒரு பெயரில் எழுத்து மாறியிருந்தது. திரும்பி வரும் பார்சலுக்கு மட்டும் ஓடுகிற வரி. எப்படியும் இரண்டு நாளில் அங்கே தடுக்கி விழும், புகார் அவள் போனுக்குத்தான் வந்து சேரும். கை பேனாவைத் தேடியது. எடுத்து, மூடியை அழுத்தி மூடினாள்.

"ஓட்டிப் பாருப்பா. அந்த வரிக்கு வந்ததும் அதுவே சொல்லும்."

அவன் போனதும் புகார் நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.