கேட் கீப்பர் லுட்மிவாவின் பெயர் நாள்

எங்கள் ஊரில் பிறந்த நாளை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பெயர் நாள்தான், அதாவது நம் பெயர் கொண்ட புனிதருக்கான நாள்தான் விசேஷம். அதற்கு யாரையும் அழைக்கக் கூடாது. வேண்டியவர்கள் தாமாக வருவார்கள். ரயில்வே கேட் கீப்பர் லுட்மிவாவுக்குச் செப்டம்பர் பதினாறு. வருடா வருடம் அன்று அவள் வீட்டில் உட்கார இடம் கிடைக்காது.

எழுபத்து நாலாம் வருடம் மட்டும் யாராவது வருவார்களா என்று தெரியாமலே அவள் காலையிலிருந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

அந்த ஆகஸ்டில் எங்கள் ஊர் தெக்லாவின் கணவர் கஸ்பருக்கு நெஞ்சுவலி. டிராக்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் தாமதம். "ரயிலே கண்ணுல படல, தூக்கு" என்று தெக்லா கத்தினாள். லுட்மிவா தூக்கவில்லை. ரயில் போகப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. மறுநாள் கஸ்பர் இறந்துபோனார். அதன் பிறகு ரொட்டிக்கடை வரிசையில் லுட்மிவா போய் நின்றால் பேச்சு அடங்கிவிடும்.

அவள் பெயருக்கு 'மக்களுக்குப் பிரியமானவள்' என்று பொருள். 'லுட்' என்றால் மக்கள், 'மிவா' என்றால் பிரியமானவள். பழைய ஸ்லாவியப் பெயர். செக் நாட்டுக் கோமகள் ஒருத்தி அந்தப் பெயரோடு புனிதை ஆனாள். அவளை மருமகள் ஏவிய ஆட்கள் முக்காட்டுத் துணியாலேயே கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். "வீட்டு ஆளுக்கே பிடிக்கல, பேர மட்டும் பாரு" என்று லுட்மிவாவின் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போது அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவர் ஜெனோன் மேசையைப் பார்த்தார். எண்ணெயில் ஊறிய மீன், உருளைக்கிழங்கு சாலட், கசகசா கேக்.

"பன்னெண்டு நாற்காலியா? கட்சி மாநாடு நடத்தப் போறியா?"

"எடுத்து வச்சா எடுத்து வச்சதுதான். பேசாம இருங்க."

நான்கு மணி ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. தேநீரை அவள் மூன்றாம் முறை சூடாக்கினாள். நாங்கள் யாரும் போகவில்லை. தெக்லா என்ன நினைப்பாளோ என்று திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தேகாலுக்குத் தெக்லாவே கறுப்பு உடையில் தெருவில் வந்தாள். உள்ளே நடந்ததை ஜெனோன் பிறகு சொன்னார்.

தெக்லா வாசலிலேயே நின்றாள். வாழ்த்துச் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கணும் லுட்மிவா. நாளைக்கு நானே நெஞ்சுவலியோட கேட்டுல வந்து நிக்கிறேன்னு வை. திறப்பியா?"

திறப்பேன் என்று ஒரு வார்த்தை போதும், ஊர் திரும்பி வந்துவிடும் என்று லுட்மிவாவுக்குத் தெரியும். மேசை விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேன்."

"என் பையன் வந்தா?"

"அவன் வந்தாலும்."

தெக்லா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப வேற எவனுக்கும் திறந்துடாத" என்றாள். "கேக் வெட்டு."

ஆறு மணிக்குள் நாங்கள் ஏழு பேர் போனோம்.