அறுப்பு நாளில் புறப்பட்ட காலேஜ் பஸ்

என் தங்கை தஞ்சாவூரில் நர்சிங் பட்டப்படிப்பு மூன்றாம் வருஷம் படித்தபோது, கிராமப் பயிற்சிக்கென்று அவள் வகுப்பை எங்கள் ஊருக்கே அழைத்து வந்தார்கள். காலையில் காலேஜ் பஸ் வரும். மாணவிகள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்ப்பார்கள், கர்ப்பிணிகளை விசாரிப்பார்கள். சாயங்காலம் பஸ் திரும்பிவிடும். தங்கை மட்டும் எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டாள். சொந்த ஊர்க்காரிக்குக் கதவு சுலபமாகத் திறக்கும் என்று நினைத்து, டீச்சர் அவளுக்கு மிராசுதாரர்கள் இருக்கும் பெரிய தெருவைக் கொடுத்தார். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். எங்கள் ஊர் விவகாரம் அவருக்குத் தெரியாது.

அது குறுவை அறுப்பு நேரம். மிராசுதாரர்கள் வயலில் அறுக்கும் எங்கள் தெரு, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வேலைக்குப் போகாமல் நின்றிருந்தது. ஆட்சி மாறினால் கூலி மாறும் என்று மேடையில் சொன்னார்கள். ஆட்சி மாறியிருந்தது. பெரிய தெருக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அந்தத் தெரு வாசலை யாரும் மிதிக்கக்கூடாது என்று நாங்கள் கட்டுப்பாடு போட்டிருந்தோம்.

தங்கை மிதித்தாள். ஒரு மிராசுதாரர் வீட்டில் அவளைக் கொல்லைப்பக்கமாக வரச் சொன்னார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளை மாட்டுக்கொட்டகை ஓரமாக நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பிரஷர் மிக அதிகம். கால் வீங்கியிருந்தது. ஓயாத தலைவலி. தங்கை ஓடிப்போய் டீச்சரை அழைத்து வந்தாள். உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் வலிப்பு வரும், இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டீச்சரும் சொன்னார்.

மிராசுதாரர் அசையவில்லை. "டீச்சரம்மா, இவங்க சங்கதி ஒங்களுக்குத் தெரியாது. நாளைக்கு ஆள் எறங்குது. நான் ஊர்ல இருக்கக் கூடாதுன்னு இதக் கெளப்பிவிட்டிருக்காங்க. அறுப்பு முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் கொடிக்கம்பத்தடியில் கூட்டம். சங்கத் தலைவர் எங்களுக்குச் சித்தப்பா முறை.

"என்னடா, ஒன் தங்கச்சி யாருக்குப் படிக்கிறா? நமக்கா, அவனுக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"இனிமே நமக்குக் காய்ச்சல் வந்தா அவங்க கொல்லையில போய்த்தான் நிக்கணும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"சித்தப்பா, அந்த அக்காவுக்கு எந்த நேரமும் ஃபிட்ஸ் வந்துரும். கூலியக் கூட்ட மாட்டேன்னது அவங்களா?" என்றாள் தங்கை.

"அக்காவாமுல்ல! எப்பலேருந்து?"

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. அன்று எழுந்தேன். "நாளைக்கு அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்குக் கெளம்புனா... வழிய மட்டும் விடுங்க சித்தப்பா."

சித்தப்பா சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குன்னா விடுறோம். ஆள் ஏத்துன வண்டிய விடமாட்டோம்."

மறுநாள் எங்கள் ஆட்கள் ஊர் முகப்பில் ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். டீச்சரும் தங்கையும் மறுபடி அந்தக் கொல்லைக்குப் போனார்கள். துணைக்குப் போன நான் வைக்கோல்போர் அருகில் நின்றேன். பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. மிராசுதாரர் அன்றும் முடியாது என்றுதான் சொன்னார். மகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா, எனக்குக் கண்ணு மங்குது. ஒங்க அறுப்பு முடியிற வரைக்கும் நான் இருக்க மாட்டேன்."

தாயின் தோளைப் பிடித்தபடி நடந்து காலேஜ் பஸ்ஸில் ஏறினாள். தங்கையும் டீச்சரும் கூடவே ஏறினார்கள். மிராசுதாரர் தடுக்கவில்லை.

பஸ் ஊர் முகப்புக்கு வந்ததும் சித்தப்பாதான் முதலில் எழுந்தார். எல்லோரும் ஒதுங்கி வாய்க்கால் கரையில் நின்றார்கள். பஸ் வெளியே போனது. மெயின் ரோட்டில் காத்திருந்த டிராக்டர் அதே இடைவெளியில் உள்ளே பாய்ந்தது. அதில் அரிவாளோடு வெளியூர் ஆட்கள், பின்னால் போலீஸ் ஜீப். எங்கள் ஆட்கள் மறுபடி ரோட்டில் இறங்குவதற்குள் அவர்கள் வயலுக்குப் போய்விட்டார்கள். மிராசுதாரர் திட்டமிட்டுச் செய்தாரா, வழி திறந்ததைப் பார்த்து டிரைவர் செய்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது.

தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஊரில் அறுப்பு முடிந்துபோனது. எங்கள் தெருவுக்கு அந்தக் குறுவையில் கூலி நெல்லே இல்லை.

டீச்சர் விஷயம் புரிந்து தங்கைக்கு எங்கள் தெருவையே மாற்றிக் கொடுத்தார். சித்தப்பாவின் மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"அண்ணி, பிரஷர் மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்."

"இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

வாசலில் நின்ற சித்தப்பா, "ஒன்ன நான் குத்தம் சொல்லல. ஆனா வீட்ல அடுப்பு எரியல. அவள எப்படிக் கதவத் தெறன்னு சொல்லுவேன்?" என்றார்.

தங்கை தினமும் போய்க் கேட்டாள். பயிற்சி முடியும் நாள்வரை அந்தக் கதவு திறக்கவில்லை. தஞ்சாவூர் திரும்பும்முன் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, அண்ணி கொழாயடிக்கு வருவாங்கல்ல, கால் வீங்கியிருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் காலை நான் எப்படிப் பார்ப்பது? இருந்தாலும் மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். நான் குனிந்து பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள். புடவையை இழுத்துப் பாதம்வரை மூடிக்கொண்டாள். வீங்கியிருந்த மாதிரியும் தெரிந்தது, இல்லாத மாதிரியும் தெரிந்தது.