சில்வர்டிப் ஏரியில் இர்மா

சில்வர்டிப் ஏரிக்குச் சாலை கிடையாது. அங்குள்ள மீன்பிடி விடுதியைக் கோடை முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். கணவன் இறந்த பிறகும் காவலுக்குத் தனியாக இருந்தவள் இர்மா ஹால்கிரென். ஏரி உறையும்வரை மாதம் ஒருமுறை லீலண்ட், தண்ணீரில் இறங்கும் தன் மிதவை விமானத்தில் மாவும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் ஊர்ப் படகுத்துறையில் ரேடியோவைக் கவனிப்பது நான், வெல்டா.

"என்ன மகாராணி, கரடி இன்னும் உன்னைத் தின்னலையா?" என்பார் லீலண்ட், கிளம்பும் முன் ரேடியோவில்.

"தின்னா அதுக்குத்தான் வயித்துவலி. காப்பித்தூளை மறந்துட்டு வந்தீன்னா உன்னை நான் தின்னுடுவேன்."

அந்த அக்டோபரில் ஒரு நாள் துளிக்காற்றுகூட இல்லை. ஏரி கண்ணாடிபோல் கிடந்தது. அப்படி அசையாத ஏரியில் இறங்கும்போது தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது விமானிக்குத் தெரியாது. லீலண்ட் இன்னும் உயரத்தில் இருப்பதாக நினைத்திருக்க வேண்டும். மூக்கு நீரில் குத்தி, விமானம் குப்புறக் கவிழ்ந்தது.

இர்மா படகில் போய், உறையும் நீரில் குதித்து, இருக்கைப் பட்டையைக் கத்தியால் அறுத்து அவரை வெளியே இழுத்தாள். உயிர் இல்லை.

"வெல்டா, லீலண்ட் போயிட்டார்," என்றாள் ரேடியோவில். பல் கிட்டித்த குரல்.

வேறு விமானம் கிளம்புமுன்பே மேகம் இறங்கி மலையை மூடிவிட்டது. எந்த விமானமும் போக முடியவில்லை. உடலைப் படகுக் கொட்டகையில் கிடத்தி, கரடி வராமலிருக்க வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தாள் இர்மா.

லீலண்டின் மனைவி மார்னி என் அறைக்கு வந்தாள். என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினாள்.

"இர்மா, அவர் முகம்... அடிபட்டிருக்கா?"

"இல்லம்மா. தூங்குற மாதிரிதான் இருக்கார்."

மார்னி அப்போதுதான் அழுதாள்.

மேகம் விலகி உடல் வந்தபோது எனக்கு உண்மை தெரிந்தது. இர்மா ரத்தத்தைக் கழுவி, தலைவாரி, முகத்தின் நொறுங்கிய பக்கத்தைக் கம்பளியால் மறைத்துக் கட்டியிருந்தாள். மார்னி அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை.

உடலை எடுக்கவும் குளிர்காலச் சாமானைக் கொடுக்கவும் போன போலீஸ்காரர்கள் கூப்பிட்டும் இர்மா விமானத்தில் ஏறவில்லையாம். "விடுதியை யார் பாத்துக்குவா?" என்று கேட்டாளாம்.

அந்தக் குளிர்காலத்தில் தினமும் மாலை வானிலையைச் சொல்லி முடித்த பிறகும் இர்மா ரேடியோவின் பேசும் பொத்தானிலிருந்து கையை எடுக்கமாட்டாள். அவள் அடுப்பில் விறகு வெடிப்பது எனக்குக் கேட்கும்.

"வெல்டா, ஏதாவது பேசேன்."

"இங்க என்ன இருக்கு? கடையில முட்டை தீந்துபோச்சு. பாதிரியாருக்குச் சளி."

"ம். அப்புறம்?"

ஏரியில் பனிக்கட்டி உடைந்ததும் புது விமானி சாமான் கொண்டுபோனான். திரும்பும்போது இர்மாவும் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். குரலால் மட்டுமே பழகிய எனக்கு, அவள் இவ்வளவு குள்ளமாக இருப்பாள் என்று தெரியாது.

"நீதானா வெல்டா?" என்று கேட்டபடி என் அறைக்குள் வந்து உட்கார்ந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் டீ போட எழுந்தபோதும் விடவில்லை.