மாடி அறையை யாருக்கு விடுவது

ஜெர்மனியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் பெரும்பாலும் சமையலறையில் ஒன்றுமே இருக்காது. சுவரிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மேடை, அலமாரி, அடுப்பு எல்லாவற்றையும் முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். ஸ்டுட்கார்ட்டில் முதன்முதலாக இப்படியொரு வீட்டைப் பார்த்துத் திகைத்துப்போய், "எல்லாம் திருட்டுப் போய்விட்டதா?" என்று கேட்டேன். வீட்டுக்காரி ஃப்ராவ் கெல்லர், எனக்குத் திருட்டுப் பயம் என்று நினைத்துக்கொண்டு, அந்தத் தெரு எவ்வளவு பாதுகாப்பானது என்று வெகுநேரம் விளக்கினார். நானும் தலையாட்டிவிட்டு அந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டேன்.

இங்கே குடித்தனக்காரனான நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்காரன். பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து வாடகைக்கு விடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாக விடலாம். ஆனால் கோடையில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள். எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று அப்போதுதான் தெரியும். சாக்கடைக் குழாயும் ஒயரிங்கும் முதலில், டைல்ஸ் அப்புறம். முக்கியமாக, வேலை ஆனிக்குள் முடிய வேண்டும். நான் என் லீவுக்குத் தோதாக வேலையை முடித்து, ஆடி பிறந்த பிறகு டு-லெட் போர்டு மாட்டினேன். ஆடியில் யார் பால் காய்ச்சிக் குடிவருவார்கள்? பளபளவென்று வீடு பூட்டிக் கிடந்தது. சின்ன வயதிலிருந்தே தெரிந்த சங்கதிதான். காலண்டரில் ஜூலையை மட்டும் பார்த்துப் பழகியதில் மறந்துபோயிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டுமே செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. வாடகைக்கென்று வாங்கிய வீட்டில் தனக்கென்று ஓர் அறையைப் பூட்டி வைப்பது. நான் மாடி அறையைப் பூட்டி வைத்தேன். அதன் ஜன்னலைத் திறந்தால் ராஜகோபுரம் தெரியும். அப்பா திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். அவர் ரிட்டையர் ஆனதும் காலி செய்துகொண்டு வந்தோம். அம்மா வைத்த முருங்கை மரம் காயோடு அங்கேயே நின்றது. அதன் பிறகு நான் இருந்ததெல்லாம் அடுத்தவர் வீடுதான். என்றைக்காவது திரும்பிப் போய் அந்த மாடி அறையில் படுத்துத் தூங்குவேன் என்ற நினைப்பில்தான் இங்கே பனிக்காலங்களைக் கழித்தேன். அந்த அறைக்காக அவ்வளவு ஏங்கியிருக்கிறேன்.

கீழே குடியிருக்கும் மல்லிகா, உப்பிலியபுரத்துக்காரர், நர்ஸ். வீட்டை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார். போன வருஷம் போன் செய்தார்.

"சார், பொண்ணுங்க ரெண்டு பேரும் வளந்துட்டாங்க. ஹால்லயே படிச்சு ஹால்லயே படுக்கிறாங்க. மாடி ரூமையும் விட்டீங்கன்னா இங்கயே இருந்துடுவோம். இல்லைன்னா வேற வீடுதான் பாக்கணும்."

"அது நான் வந்தா தங்கறதுக்குங்க."

"எப்ப சார் வர்றீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். பையனுக்குப் பள்ளிக்கூடம் இங்கே, மனைவிக்கு வேலை இங்கே. நல்ல குடித்தனக்காரரை விட்டுவிடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், பார்த்துச் சொல்கிறேன் என்று சில நாள் இழுத்தடித்தேன். அறையை விட்டுக்கொடுத்தால் இனி வரப்போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே. கடைசியில், திருச்சியில் இருக்கும் அக்காவிடம் மாடிச் சாவியைக் கொடுத்துவிடச் சொன்னேன். போனை வைத்ததும் அழுகை வந்தது.

இந்த லீவில் ஊருக்குப் போனபோது, அக்கா வீட்டில் இடம் போதாததால் லாட்ஜில் பையை வைத்துவிட்டு வீட்டைப் பார்க்கப் போனேன்.

"வாங்க சார், வாங்க. செருப்ப வெளிய விடாதீங்க, நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றார் மல்லிகா. என் வீட்டுக்குள் என் செருப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரே வாங்கி உள்ளே வைத்தார். காபி கொடுத்துவிட்டு, "மேல போய்ப் பாருங்க, பொண்ணுங்க எப்படி வச்சிருக்காங்கன்னு" என்று மூத்தவளைக் கூட அனுப்பினார்.

பொழுது சாய்ந்திருந்தது, அறை இருட்டாக இருந்தது. விளக்கைப் போடக் கையை நீட்டினேன். ஸ்டுட்கார்ட் வீட்டில் சுவிட்ச் இடுப்பளவில், கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும். கை அதே உயரத்துக்குப் போய் வெறும் சுவரைத் தடவியது. இந்த அறையில் சுவிட்ச் எங்கே வர வேண்டும் என்று எலெக்ட்ரீஷியனுக்கு வீடியோ காலில் காட்டிக் கொடுத்தவன் நான்தான். தடவிக்கொண்டே இருந்தேன்.

"இங்க இருக்கு அங்கிள்" என்று அந்தப் பெண் என் தோளுக்கு மேல் எட்டி விளக்கைப் போட்டாள்.