குடுவைக்குள் இருந்த சுரை விதை

இந்த ஜோகூர் மண்ணில் நான் இரண்டு தடவை வந்து இறங்கியவள். முதல் தடவை வந்து, பால் மரம் வெட்டி, நாலு பேர் மதிக்க இருந்துவிட்டு ஏன் திரும்பிப் போனாய் என்று கேட்டால், மற்றவர்கள் ரப்பர் விலை விழுந்ததைச் சொல்வார்கள். அது எல்லாருக்கும் விழுந்ததுதான். நான் போனது ஒரு சுரைக்கொடியால். எனக்கு எழுத்து கூட்டித்தான் வரும். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன்.

அப்போது நாங்கள் கோத்தா திங்கிக்கு உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் இருந்தோம். நானும் வீட்டுக்காரரும்தான், பிள்ளை இல்லை. விலை விழுந்த பிறகு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. விடியற்காலை ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய் நின்றாலும் கங்காணி பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார். முடியாதவர்கள் பேர் கொடுத்தால் காசு வாங்காமல் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. அந்தப் பேச்சு வந்த நாள் முதல் என் வீட்டுக்காரருக்குக் காது அந்தப் பக்கமே இருந்தது.

எனக்குப் போக மனமில்லை. ஊரில் எங்களுக்கு இருந்தது அவருடைய அண்ணன் வீட்டில் ஒரு மூலை. அங்கே நான் சேற்றில் நின்று நடவு நட்டால் கூலி நெல்லாக அளந்து அந்த அண்ணன் வீட்டுக் குதிருக்குப் போகும். எனக்கு ஒரு சேலை வேண்டுமென்றால் அந்த அண்ணன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இங்கே எனக்கென்று ஒரு நிரை மரம், எனக்கென்று ஒரு கத்தி. சம்பளத்தன்று கணக்கெழுதுகிற கிராணி என் கையிலேயே வைப்பார். பாதிச் சம்பளமானாலும் அது என் கை. அதைப் பார்த்தவளுக்குத் திரும்பிப் போகச் சொன்னால் கால் வருமா?

அந்தச் சமயத்தில் தோட்டத்துத் துரை, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் அளந்து விட்டார். காய்கறி போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. நான் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தாங்க, தோட்டம் போட்டுப் பாப்போம். வயித்துக்கு அது குடுத்தா இருப்போம்."

"குடுக்கலன்னா?"

"குடுக்கும்."

"குடுக்கலன்னா பேரு குடுத்துடுவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது."

சரி என்றேன். நான் கை வைத்து முளைக்காதது அதுவரைக்கும் ஒன்றும் இல்லை.

எல்லாரும் மரவள்ளிக் குச்சி ஊன்றினார்கள். காட்டுப்பன்றி வந்து ஒரு வரிசை விடாமல் தோண்டிப் போட்டுவிட்டுப் போனது. நான் அப்போதே முடிவு செய்தேன், தரையில் கிடப்பது வேண்டாம், மேலே ஏறுவது வேண்டும். சுரைதான் சரி. ஒரு காய் இருந்தால் ஒரு குடும்பம் இரண்டு வேளை சாப்பிடலாம். மிஞ்சினால் விற்கலாம். விதைக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி.

தோட்டத்துச் சாமான் கடையில் தகர டப்பாவில் விதை வைத்திருந்தான். திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தது. முன்னே ஒரு தரம் அங்கே வாங்கின கீரை விதையைத் தூவி எறும்புக்குத்தான் விருந்து வைத்தேன். இந்த ஊர் ஈரத்தில் விதை உயிரோடு இருப்பதே பெரிய காரியம். விற்கிறவனுக்கு அது தெரியாது, அவனுக்கு உப்பும் ஒன்று விதையும் ஒன்று.

அடுத்த வீட்டுக்காரி, என்னைவிடப் பெரியவள், அக்கா என்று கூப்பிடுவேன், அவள் ஆற்றங்கரைச் சீனத்தியிடம் போகச் சொன்னாள். போனேன். அந்தம்மாள் தோட்டம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் விதை தரமாட்டாள், நாற்றுதான் தருவாள். அதுவும் அவர்கள் சாப்பிடுகிற கீரை வகைதான். நாற்றுக்குப் பக்கத்தில் கக்கூஸ் கழிவு ஊறுகிற ஒரு பீப்பாயை மூடி வைத்திருந்தாள். அதிலிருந்து அள்ளித்தான் ஊற்றுகிறாள். "இனி பாகுஸ், பாகுஸ்" என்று அவள் மலாயில் நல்லது நல்லது என்கிறாள், நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வெறுங்கையோடு திரும்பினேன்.

அக்கா சிரித்தாள். "கழுவினா போச்சு. நீ என்னா தேன ஊத்தியா வளந்த?"

"ஊத்தினது எதுவோ, எங்காத்தா கண்ணுல காட்டாம ஊத்துனா," என்றேன்.

மூன்றாவதாகப் போனது டவுனில் நானா கடைக்கு. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் மனிதர். தமிழ் ஆட்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். கடை ஆற்றை ஒட்டி இருந்தது. வெள்ளம் வந்துபோன கறை சுவரில் இடுப்புயரத்துக்கு இருக்கும். அதனால் அவர் நல்ல சாமான்களை எல்லாம் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அங்கேதான் அதைப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்து பழுத்த ஒரு சுரைக்குடுவை. வாயில் தக்கை அடைத்திருந்தது.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எங்கள் ஊரில் விதையைக் காப்பாற்றுகிற முறையே அதுதான். குடுவையில் போட்டு, வாயை அடைத்து, அடுப்புக்கு மேலே கட்டிவிடுவார்கள். பூச்சி போகாது, ஈரம் போகாது. தகர டப்பா கடைக்காரனுக்குத் தெரியாதது இங்கே ஒருத்தருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"நானா, அது ஊர்க் குடுவையா?"

"ஊரு சாமான்தான் தங்கச்சி. கப்பல்ல வேல பாத்த நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் வச்சிட்டுப் போனான். திரும்பி வரவே இல்ல."

"உள்ள விதை இருக்கா?"

ஆட்டினார். கலகலவென்றது. தக்கையைப் பிடுங்கி என் முந்தானையில் கொட்டினார். நான் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். அவர் கொடுத்த தண்ணீரில் போட்டும் பார்த்தேன், ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் அடியில் போய் உட்கார்ந்தன. அத்தனை திடமான சுரை விதையை நான் ஊரிலும் பார்த்ததில்லை. இன்றைக்கும் சொல்வேன், அந்த மூன்று இடத்தில் யாரைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அந்த விதையைத்தான் எடுப்பார்கள்.

சித்திரை கழிந்து ஊன்றினேன். ஒரு வாரத்தில் தலை நீட்டின. அதற்கப்புறம் அந்தக் கொடி போட்ட ஆட்டம் இருக்கிறதே, பந்தல் போதாமல் லயத்துக் கூரைமேல் ஏறியது. பொழுது சாய்கிற நேரம் வெள்ளைப் பூவாகப் பூத்து நிற்கும். கங்காணியே ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுப் போனார். அக்காவின் ஆடு எல்லார் செடியையும் மேய்ந்தது. என் கொடியில் ஒரு இலையைக் கடித்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனது. அம்மன்தான் காப்பாற்றுகிறாள் என்று நான் சொன்னேன். வீட்டுக்காரரும் மேலே அண்ணாந்து பிஞ்சுகளைப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, கெட்டிக்காரிதான்," என்றார். கப்பல் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஆடி மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அந்த வருஷம் வீட்டுக்கு வீடு காசுத் தண்டல் கிடையாது, அவரவர் நிலத்தில் விளைந்ததைக் குழம்புக்குக் கொண்டுவாருங்கள் என்று பூசாரி சொல்லியிருந்தார். முதல் காயைச் சாமிக்குக் கொடுக்காமல் நாம் வாயில் வைப்பது எங்கள் வழக்கம் இல்லை. பெரியதாக இரண்டைப் பார்த்து அறுத்தேன். ஒன்றை வீட்டுக்காரர் தோளில் வைத்துக்கொண்டார், இன்னொன்றை நான் பிள்ளையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்தின் நடுவழியாக நடந்து போனேன். மற்றவர்கள் கொண்டுவந்தது கைப்பிடிக் கத்தரிக்காய், நாலு வெண்டைக்காய். பானையில் பாதிக்கு மேல் என் காய்தான்.

படைக்கிறதற்கு முன்னால் யாரும் ருசி பார்ப்பதில்லை. படைத்து முடித்து, எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைத்தவர் கங்காணி. அப்படியே பக்கத்தில் துப்பினார். அதற்குள் நாலைந்து பேர் விழுங்கிவிட்டார்கள். கசப்பென்றால் வேப்பெண்ணெய் தோற்றுப்போகும். இரண்டு பேர் மரத்தடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார்கள். பசியோடு வந்து உட்கார்ந்த ஜனம். பானையை அப்படியே கொண்டுபோய் வாய்க்காலில் கவிழ்த்தார்கள்.

"சொரக்கா யாரு வீட்டுது?" என்று பூசாரி கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை.

"கூரை மேல ஏறினவ வீட்டுது," என்று பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை சொன்னாள். ஒருத்தி சிரித்தாள்.

பூசாரி சிரிக்கவில்லை. "ஆத்தாளுக்கு இவங்க கையால வாங்கப் பிரியம் இல்ல போல," என்றார். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவர் வருத்தமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வேகமாக வீட்டுக்கு நடந்தார். வாசலில் நின்று சொன்னார், "ஆத்தாளே சொல்லிட்டா. திங்கக்கெழம பேரு குடுத்துடறேன்."

"காய் கசந்ததுக்கு விதைதாங்க காரணம். ஆத்தா என்னா பண்ணுவா?"

"அந்த விதைய ஒன் கையில யாரு குடுத்தா?"

நானா குடுத்தார் என்று சொல்லலாம். அவர் கேட்டது நானாவை அல்ல, ஆத்தாளை. நான் புருஷனோடு வழக்காடுவேன், கங்காணியோடு வழக்காடியிருக்கிறேன், ஒரு தடவை கிராணியோடும். சாமியை அவர் பக்கம் நிறுத்திக்கொண்ட பிறகு நான் யாரோடு வழக்காடுவது?

ஞாயிற்றுக்கிழமை நானா கடைக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். குடுவையை இறக்கித் தட்டிப் பார்த்தார், ஓட்டின் கனத்தை எனக்குக் காட்டினார்.

"தங்கச்சி, இது மெதப்புக் குடுவை. கப்பல்காரப் பையனுவ இடுப்புல கட்டிக்கிட்டு நீஞ்சறது. கசக்கற சொரையிலதான் ஓடு இம்புட்டுக் கனமா வரும். பூச்சி அரிக்காது. அந்த விதை வெளியேருந்து போட்டது இல்ல, அதோட வயித்துலயே காஞ்சது. நீ கேக்கறப்ப எனக்கு அது தோணலியே."

"எனக்குந்தான் தோணல நானா. எங்க வீட்டுக்கு வந்து இத அவருகிட்ட சொல்லுங்க, போதும்."

வந்தார். கடையைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் வந்தார். வீட்டுக்காரர் பாய் விரித்து உட்காரவைத்து, சர்க்கரை இல்லாத தேத்தண்ணிதான் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரி நானா. விதை கெட்ட விதை, ஆத்தா மேல பழி இல்ல. ஒத்துக்கறேன். இப்ப நல்ல விதை போட்டா எப்ப காய்க்கும்?"

நானா வெளியே கூரையைப் பார்த்தார். "ஐப்பசி ஆயிடும்."

"அதுக்கு மேல மழை. ஒங்க கடையிலயே தண்ணி நிக்கும். அது வரைக்கும் இவளும் நானும் என்னத்தத் திங்கறது?"

நானா என்னைப் பார்த்தார். தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, என் வீட்டுக்காரருக்கு ஆத்தாளும் தேவைப்படவில்லை, விதையும் தேவைப்படவில்லை. அந்த மனிதருக்குக் களைப்பு. அண்ணன் வீட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டால் போதும் என்று இருந்தது. அவர் களைப்புக்கு நான் எந்தக் கடையில் போய் மருந்து வாங்குவது?

பேர் கொடுத்த பிறகு கப்பலுக்குக் காத்திருந்தோம். அந்த நாட்களில் கொடி இன்னும் காய்த்தது. காய்க்காதே என்று அதனிடம் சொல்ல முடியுமா? படுத்தால் தலைக்கு மேலே காய் காயாகப் பருத்துக்கொண்டிருந்தது. கனம் தாங்காமல் கூரை ஓரம் சாய்ந்து, நானே ஒரு கம்பு வெட்டி முட்டுக் கொடுத்தேன். ஒன்றுக்கும் ஆகாத காய்க்கு முட்டு. அவர் வெட்டிப் போடு என்றார். நான் வெட்டவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அப்போது பச்சையாக இருந்தது அது ஒன்றுதான்.

புறப்படுகிற காலை அக்கா வந்தாள். கூரையிலிருந்த காய்களை அண்ணாந்து பார்த்தாள்.

"காஞ்சப்பறம் ஓட்ட நான் எடுத்துக்கவா? தண்ணி வைக்க ஆகும்."

"எடுத்துக்க. விதைய மட்டும் அடுப்புல போட்டுரு," என்றேன்.

லாரியில் ஏற்றி, சிங்கப்பூர்த் துறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு நீளக் கொட்டகை. மேசைக்குப் பின்னால் வெள்ளைக்காரர் ஒருவர், பக்கத்தில் தமிழ் பேசுகிற கிராணி. யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது என்று சட்டமாம். ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். அதை வரிசையில் நிற்கும்போதுதான் கேள்விப்பட்டேன். போகமாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்ன பிறகு எங்கே போய் நிற்பது, தனியாக ஒரு பெண்ணுக்கு எந்தத் தோட்டத்தில் வீடு கொடுப்பார்கள், அதையும் நினைத்தேன். அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

கிராணி என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "ஏம்மா, நீயா விரும்பித்தான் போறியா?"

"ஆமாங்கய்யா, ரெண்டு பேருமே விரும்பித்தான் போறோம்," என்றார் என் வீட்டுக்காரர்.

கிராணி தலையாட்டிவிட்டு வெள்ளைக்காரரிடம் ஏதோ சொன்னார். அவரும் தலையாட்டினார். எனக்குப் பின்னால் நின்றவள் மூட்டையால் என் முதுகை இடித்தாள். நகர்ந்துகொண்டேன்.