மிஷின் நின்ற பிறகும் கேட்ட சத்தம்

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதனால் என் சாட்சியை எழுதித் தருகிறேன்.

கரடியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மிஷினை ஓட்டுகிறேன். போன மார்கழியில் என் மகள் எஸ்தருக்கு இடது கண் சிவந்தது. ஒன்பது வயது. மெட்ராஸ் ஐ என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டோம். சிவப்பு போகவில்லை. கண் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது.

"அப்பா, தலைக்குள்ள மிஷின் ஓடுதுப்பா" என்றாள்.

எங்கள் வீடு மிஷின் ஷெட்டுக்கு அடுத்தது. "நம்ம ஊட்டுல எல்லாருக்குந்தான் கேக்குது. போய் வெளையாடு கண்ணு" என்றேன். மாசியில் பழம் முடிந்து மிஷினை நிறுத்தினோம். அப்போதும் ஓடுகிறது என்றாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பொய் சொல்கிறாள் என்று அதட்டினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பிறகு மலை இறங்கிச் சேலத்துக்கு அலைந்தோம். பஸ் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுப்பாள். ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொரு ஆஸ்பத்திரி. கடைசியில் ஒரு டாக்டரம்மா அவள் மூடிய இமை மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு என் காதிலும் மாட்டினார். உஸ், உஸ் என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை பொய் சொல்லவில்லை.

"கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு ரத்தக்குழாய் சேரக் கூடாத இடத்துல சேந்திருக்குதுங்க. விட்டா பார்வை போயிரும். தொடை வழியா மெல்லிசா குழாய் விட்டு அதை அடைக்கணும். அதுலயும் கண்ணுக்கு ஆபத்து இருக்குதுங்க" என்றார்.

குழாய் விட எஸ்தரை உள்ளே கொண்டுபோனார்கள். என் மனைவி சாந்தி வாய்விட்டு ஜெபித்தாள். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, ஆண்டவர்கிட்டயுமா கூச்சம்? வாயத் தொறங்க" என்றாள்.

நொந்து போயிருந்தேன். "பிள்ள சொன்னத நான் நம்பல ஆண்டவரே. நீங்க அந்த மிஷின நிறுத்துங்க." அவ்வளவுதான் சொன்னேன்.

மத்தியானம் எஸ்தர் கண் விழித்தாள். என்னைத் தேடினாள்.

"அப்பா, மிஷின நிறுத்திட்டீங்களா?"

"நான் இல்ல கண்ணு" என்றேன்.

வீக்கம் வடியப் பல வாரம் ஆனது. பார்வை முழுதாகத் திரும்பவில்லை. கண்ணாடி போட்டுப் படிக்கிறாள். செக்கப்புக்குப் போகும்போது பஸ்ஸில் இன்னும் வாந்தி எடுக்கிறாள். எங்களுக்கு அலுப்பு தீரவில்லை. ஆனாலும் ஸ்தோத்திரம்.

என்னைப் போல ஜெபிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் பயப்படாதீர்கள். உள்ளதை இரண்டு வார்த்தையில் சொல்லுங்கள். அவருக்கு அது போதும்.

இந்த வருஷமும் மிஷின் ஓடுகிறது. சாயங்காலம் அதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் எஸ்தரிடம், "இப்ப ஏதாச்சும் கேக்குதா சாமி?" என்று கேட்கிறேன்.

"ஒண்ணும் இல்லப்பா" என்கிறாள். இப்போது நான் நம்புகிறேன்.